கோட்டுக்கு வெளியே நிற்பவர்

புகழின் உச்சிக்கு ஏறுவது அரிது. அங்கிருந்து இறங்கி வந்து பிறரை ஏற்றிவிடுவது அதனினும் அரிது. கால்பந்து உலகில் இதற்குச் சான்றாகப் பலரும் காட்டும் பெயர் பிரேசில் நாட்டு மாரியோ சகாலோ. 1958, 1962 ஆகிய இரு முறையும் ஆட்டக்காரராக உலகக் கோப்பையை வென்ற அவர், 1970இல் அதே அணியின் பயிற்சியாளராக நின்று மீண்டும் வென்றார். இரு நிலைகளிலும் அக்கோப்பையைக் கண்ட முதல் மனிதர் அவரே. 2024 ஜனவரியில் அவர் மறைந்தார்.

உலகக் கோப்பைக் காலத்தில் எங்கள் தேவாரத்துக்கு மேற்கே மலையேறிக் கேரளத்துக்குள் சென்றால், பிரேசில் கொடியும் அர்ஜென்டினாக் கொடியும் பறப்பதைக் காணலாம். மலைக்கு இப்பால் அத்தனை ஆர்வம் இல்லை. ஆயினும் அந்த மண்ணின் முதற் பெரும் வெற்றியில் ஒரு தமிழரின் உழைப்பு கலந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் ஒருவர். அவ்வணி ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. தென்னமெரிக்கப் பெருவிடம் 1-3 எனத் தோற்றது. அதன்பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதேயில்லை. அந்தப் பெருமையோடு அவர் ஓய்ந்திருக்கலாம். மாறாக, பயிற்சியாளரானார்.

சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941இல் தொடங்கியது. 1956இல் உருவான கேரளம் பதினேழு ஆண்டுகள் அதை வெல்ல இயலாதிருந்தது. 1973இல் எர்ணாகுளத்தில் சைமன் பயிற்றுவித்த அணி, இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. கேரளம் இன்றும் அவரைக் ‘கேப்டன் மணி’ என்றே கொண்டாடுகிறது. கோட்டுக்கு வெளியே நின்றவரின் பெயரோ மெல்ல மங்கியது.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். நன்றாக ஆடியவர், முழங்கால் அடிபட்டதால் ஆட்டம் நின்றது. விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ஞாயிறு மாலைகளில் சிறுவர்களுக்குப் பந்தாடக் கற்றுத் தருகிறார். ஒருநாள் கேட்டார்: “கத்துக்குடுக்கிறது நான், பேரு வாங்கப்போறது இவங்கதானே, சார்?”

சைமனின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தோட்டத்துல நிழல் மரத்த வெட்டுனா ஏலச்செடி கருகிப்போகும், சார்” என்றார். அவ்வளவுதான். எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய மனம் ஆறியதாக நான் எண்ணவில்லை. போடியின் ஏலக்கூடத்தில் காய்க்கு விலை வைக்கிறார்கள்; நிழலுக்கு யாரும் விலை வைப்பதில்லை. நிழல் தருவது அவருடைய கடமையென்றால், அந்த மரத்தின் பெயரை மறவாதிருப்பது யாருடைய கடமை? அது நிழலில் நின்றவர்களுடையது. கனியை உண்ட நம்முடையது. ஆதலால் அச்சிறுவர்களிடம் மணி அடித்த மூன்று கோல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், சைமன் சுந்தரராஜின் பெயரையும் சேர்த்தே சொல்லி வருகிறேன்.