துடக்குக் கழிந்த திகதி

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் முடிந்தால் கோயிலுக்குப் போகலாம். வாசலில் நின்று யாரும் மறிக்கமாட்டார்கள். துக்கம் கழிந்ததா என்பது வேறு கதை. துடக்கு கழிந்துவிட்டது, அவ்வளவுதான். லண்டனுக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு நாள் கணக்கு இருக்கிறதென்று எழுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு கார் காப்புறுதியால்.

என் தங்கையின் மகன். மாமா மாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பெடியன். 2021 கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு, பப் வாசலில் வாய்த்தர்க்கம் கைகலப்பாகி ஒருவனுடைய மூக்கு உடைந்தது. முதலில் கை நீட்டியது யார் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு கதை, நீதிமன்றத்தில் ஒரு கதை. நீதிமன்றத்துக் கதைதான் நின்றது. 2022 ஜனவரியில் பத்து மாதச் சிறை. பாதியை உள்ளே இருந்துவிட்டு ஜூனில் வந்தான். மீதிப் பாதி வெளியில், நிபந்தனைகளோடு.

தங்கை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலில் விசாரித்தவர்களுக்குப் பெடியன் கனடாவில் படிக்கிறான் என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

வந்தவனுக்கு டில்பரிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் சரிவராது. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. காப்புறுதி இல்லாவிட்டால் கார் இல்லை. விலை ஒப்பிடும் தளத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுக்கொண்டு வந்தான். இன்னும் கழியாத குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று ஒரு பெட்டி. ‘ஆம்’ என்று போட்டதும் கொம்பனிப் பெயர்கள் உதிர்ந்து நாலைந்துதான் மிஞ்சின. மிஞ்சியவையும் மூவாயிரம் பவுணுக்கு மேலே.

அங்கேதான் இந்தப் பெரிய மனிசனுடைய புத்தி வேலை செய்தது. இருபத்திரண்டு வருடம் மினிகாப் ஓடினவன் நான், ஒரு கிளெயிம் கிடையாது. "என்ர பேரில போடுவம் மோனை. நான்தான் ஓடுறன் எண்டு எழுது. உன்ர பேரை ரெண்டாவதாப் போடு. அந்தப் பெட்டியில ‘இல்லை’ எண்டு போட்டுவிடு." அவன் தயங்கினான். "மாமா, பிடிச்சாங்கள் எண்டா?" "ஆர் பிடிக்கிறது?" என்றேன்.

2023 பெப்ரவரியில் டகனாமில் சிவப்பு விளக்குக்கு நின்ற வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் இடித்தான். பெரிய இடி இல்லை. ஆனால் கொம்பனிக்காரர் எனக்குப் போன் எடுத்தார்கள். வாரநாளில் இந்தக் காரை யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு, ஓய்வூதியம் எடுக்கும் நீங்கள் விடிய மூன்றரைக்கு அந்த வீதியில் எதற்கு? நல்ல மரியாதையான குரல். நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் முன் சொன்னதை வெட்டியது. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. காப்புறுதி தொடக்கத்திலிருந்தே செல்லாது. கட்டிய காசு திரும்பாது. எதிர் வண்டிக்காரருக்குச் சட்டப்படி அவர்கள் கொடுத்தேயாக வேண்டும். கொடுத்துவிட்டு, அந்த நாலாயிரத்துச் சொச்சம் பவுணை எங்களிடம் கேட்டார்கள்.

நான் செய்ததற்கு இங்கே ‘ஃபுரொன்டிங்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிள்ளை ஓடும் காரைத் தாய் தகப்பன் ஓடுவதாக எழுதுவது. எங்கள் ஆட்கள் அதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிறோம். அது மோசடி.

பிறகுதான் சட்டத்தை வடிவாகக் கேட்டறிந்தேன். முந்திய காலத்தில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் காப்புறுதி எடுப்பவர்தான் எல்லாவற்றையும் தானாகச் சொல்ல வேண்டும். 1766இல் சுமாத்திராத் தீவின் மார்ல்பரோக் கோட்டைக்கு எடுத்த காப்புறுதி பற்றிய வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு வகுத்த நியதி அது. கப்பலுக்கும் கோட்டைக்கும் போட்ட கணக்கு, கார் வைத்திருக்கும் சாதாரண சனத்தின் தலையிலும் இருநூறு வருடத்துக்கு மேல் கிடந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. நடைமுறைக்கு வந்தது 2013 ஏப்ரலில். இப்போது சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுப்பவர், கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததை எடுத்துச் சொல்லும் கடமை இல்லை.

அதே சட்டம் கவனக்குறைவையும் கள்ளத்தையும் வேறு வேறாகப் பார்க்கிறது. தெரியாத்தனமாக ஒன்றைப் பிழையாகச் சொல்லி, 1,200 பவுண் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 800தான் வாங்கினார்கள் என்றால், 3,000 பவுண் கிளெயிமில் அதே விகிதப்படி 2,000 தரலாம். தெரிந்துகொண்டே பொய் சொன்னவனுக்கு ஒன்றும் இல்லை. நான் இரண்டாவது வகை.

கொஞ்சக் காலம் காப்புறுதி இல்லாமலே ஓடட்டும் என்று சொன்ன உறவினரும் உண்டு. வீதிக் கமராக்கள் நம்பர் பிளேற்றைப் படித்து, காப்புறுதிப் பதிவோடு அந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கிற நாடு இது. பிடித்தால் 300 பவுண், லைசன்ஸில் ஆறு புள்ளி, காரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். வழக்குக்குப் போனால் தண்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது. இன்னொருவர் பிறந்தநாள் விழாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவர் எழுநூறு பவுணுக்குச் செய்து தருவார் என்றார். பத்திரம் பார்க்க அசல் போலவே இருக்கும். எந்தக் கொம்பனியிலும் பதிவு இருக்காது. இந்தப் போலித் தரகர்களை இங்கே ‘பேய்த் தரகர்’ என்கிறார்கள். தமிழர் தமிழரை நம்புகிற நம்பிக்கையில்தான் அந்தப் பேய் எங்களிடையே உலாவுகிறது.

கடைசியில் பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கத்துக்குப் போன் எடுத்தோம். தண்டனை பெற்றவர்களுக்கென்றே காப்புறுதி தேடிக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். ‘அன்லொக்’ என்ற தொண்டு நிறுவனத்திலும் அப்படியானவர்களின் விபரம் உண்டு. எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. என்ன குற்றம், என்ன தண்டனை, எந்தத் திகதி என்று மூன்றே கேள்வி. நான் குறுக்கே விழுந்து, பெடியன் நல்லவன், சேர்க்கைதான் சரியில்லை, தகப்பன் வேளைக்கே போய்விட்டார் என்றெல்லாம் தொடங்கினேன். "அது படிவத்தில் இல்லை" என்றார். சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. ஐந்து வருடத்தில் அந்தக் குடும்பத்துக்கு யாராவது செய்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று எனக்குப் படுகிறது.

விலையைக் குறைக்க வழியும் அவரே சொன்னார். கார்களை 1 முதல் 50 வரை குழுப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு லீற்றர் வண்டியைக் கொடுத்துவிட்டு, கீழ்க் குழுவில் ஒரு லீற்றர் வண்டி வாங்கினோம். ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் கறுப்புப் பெட்டியைப் பூட்டச் சம்மதித்தான். முழுக் காப்புறுதியை விட மூன்றாம் தரப்புக் காப்புறுதி மலிவாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தது பிழை. அதுதான் கூட வந்தது. மாதாமாதம் கட்டுவது வட்டிக் கடன் என்றார். தங்கை சீட்டை எடுத்து ஒரேயடியாகக் கட்டினாள். என் பெயரும் போனது, ஆனால் இரண்டாவது ஓட்டுநராக. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உண்மையாகவே நான்தான் ஓடுவேன். எல்லாம் சேர்த்து, அரசாங்கத்தின் 12 வீத வரியோடு, ஆயிரத்துத் தொளாயிரத்தில் வந்து நின்றது. மலிவு இல்லை. ஆனால் இரவில் நித்திரை வந்தது.

போனை வைக்க முதல் அந்தப் பெண்மணி இன்னொன்று கேட்டார்: "வீட்டுக் காப்புறுதி யார் பெயரில்?" எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வீட்டுக் காப்புறுதிப் படிவத்தில், உங்களுக்கோ உங்களோடு வசிக்கும் எவருக்குமோ கழியாத தண்டனை உண்டா என்று கேட்பது வழமை. தங்கை அதிலும் இல்லை என்றே போட்டிருந்தாள். தண்ணிக் குழாய் வெடித்திருந்தால், வீடு பற்றியிருந்தால், பெடியனுடைய ஒரு இரவுச் சண்டைக்காக அவளுடைய முப்பது வருட வீடு அந்தரத்தில் நின்றிருக்கும். அவளை உட்கார வைத்துப் போன் எடுக்கச் செய்தேன். தன் வாயால் அந்தச் சொல்லை அவள் முதன்முதலாகச் சொன்னது, முகம் தெரியாத ஒரு காப்புறுதி எழுத்தரிடம். சொல்லிவிட்டு அழுதாள். பிரீமியம் கொஞ்சம் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

2024 ஏப்ரலில் கார் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதும் ‘ஆம்’ என்றே போட்டோம். சூடு கண்ட பூனைகள் அல்லவா? அந்த இலையுதிர் காலத்தில் அவன் வேறு வேலைக்கு விண்ணப்பித்தான். அவர்கள் அடிப்படைக் குற்றப் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். தபால் வந்த அன்று எனக்குப் போன். "மாமா, இதில ஒண்டும் இல்லையாம்." "வடிவாப் பார் மோனை, மற்றப் பக்கத்தில இருக்கும்." "மற்றப் பக்கமும் பாத்தன். ஒண்டுமில்லை."

பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்றே நம்பினோம். பிழை எங்களுடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய தண்டனை எப்போது கழிகிறது என்பதை வகுப்பது 1974ஆம் ஆண்டுச் சட்டம். கார்டினர் பிரபு தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது அது. கழிந்த தண்டனையைப் பற்றிக் காப்புறுதிக்காரர் கேட்டாலும், இல்லை என்று சொல்லச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்குப் பொய் என்று பெயரில்லை. பத்து மாதச் சிறை என்றால், அது முடிந்து நாலு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படியென்றால் 2026 நவம்பர். தங்கை கலண்டரில் எழுதிக்கூட வைத்திருந்தாள். ஆனால் 2023 ஒக்ரோபர் 28ஆம் திகதி அந்தக் காலங்களைக் குறைத்துவிட்டார்கள், பழைய தண்டனைகளுக்கும் சேர்த்து. ஒரு வருடம் வரையான சிறைக்கு, அது முடிந்து ஒரே ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு மேல் நாலு வருடம் வரை என்றால் நாலு. அதற்கும் மேல் ஏழு. பாரிய வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களுக்கு அந்த ஏழு வருடச் சலுகை இல்லை. தண்டப்பணத்துக்குத் தீர்ப்பிலிருந்து ஒரு வருடம். பதினெட்டு வயதுக்கு முன் தீர்ப்பு என்றால் பெரும்பாலும் இதில் பாதி. லைசன்ஸில் புள்ளி விழுத்தும் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் ஐந்து வருடம். ஸ்கொட்லாந்தின் கணக்கு வேறு.

ஆக, பெடியனுடைய தண்டனை 2023 நவம்பரிலேயே கழிந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் நாங்கள் காசு கொடுத்து அதைத் திரும்பச் சொன்னோம். துடக்குக் கழிந்த பிறகும் ஒரு வருடம் கோயிலுக்கு வெளியே, தேர்முட்டியடியில் நின்றிருக்கிறோம். உள்ளே வா என்று சொல்ல ஒருவருமில்லை. தரகர் பெண்மணி மீதி மாதங்களுக்குக் கணக்குப் பார்த்து ஒரு சிறு தொகையைத் திருப்பி எடுத்துத் தந்தார்.

இரண்டு தடவையும் எங்களை வழிநடத்தியது ஒரே வெட்கம்தான் என்று இப்போது நினைக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதை மறைத்தோம். பிறகு பயத்தில், சொல்லத் தேவையில்லாததையும் சொன்னோம். இரண்டு தடவையும் படிவத்தில் இருந்த கேள்வியை நாங்கள் வாசிக்கவில்லை. ஊர் என்ன கேட்கும் என்று நினைத்து, ஊருக்கே பதில் எழுதிக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த நீதிமன்றக் கடிதத்தை எந்த அலுமாரியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களோ அங்கிருந்து எடுங்கள். தண்டனை என்ன, முடிந்த திகதி என்ன என்று பாருங்கள். சந்தேகம் என்றால் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்; கழியாதது மட்டும்தான் அதில் வரும். காப்புறுதிக்காரர் அநியாயம் செய்ததாகத் தோன்றினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். அது சரிவராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், காசு கேட்கமாட்டார்.

பெடியன் இப்போது தன் பெயரில், ‘இல்லை’ என்று போட்டு, ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டுகிறான். நான் இன்னொரு சிறிய கார் வைத்திருக்கிறேன். அதன் படிவத்தில் வேறொரு கேள்வி இருக்கிறது: உங்கள் காப்புறுதியை எந்தக் கொம்பனியாவது எப்போதாவது செல்லாததாக்கியதுண்டா? அதற்குக் கழியும் திகதி ஒன்றும் போடவில்லை. போன மே மாதமும் ‘ஆம்’ என்றுதான் எழுதினேன்.