பதுளை மலையிலிருந்து பொத்துவில் கடல் வரை

இலங்கை என்றதும் கொழும்பும் கண்டியும்தான் நம் நினைவுக்கு வரும். கொழும்பில் புறப்படும் மலைநாட்டு ரயில் கடைசியாக வந்து நிற்கும் ஊர் பதுளை. ஊவா மாகாணத்தின் தலைநகர். 1924இல் இருப்புப் பாதை இங்கே வந்து முடிந்தது. இதற்கப்பால் கிழக்குக் கடலைக் காண வேண்டுமானால் பஸ்தான். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக நாங்கள் குடும்பத்தோடு சென்று வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போக நேர்ந்தால் உதவும்.

காலையிலேயே பஸ் நிறைந்துவிட்டது. இருவர் இருக்கையில் மூவர். மடியில் பை, காலடியில் மரக்கறி மூட்டை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு நிற்பவர்கள் நம்மீது சாய்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தலைசுற்றல், வாந்தி. எலுமிச்சம்பழமும் வெறும் பைகளும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சமும் வீணானதல்ல. 2021 மார்ச் 20இல் பசறை அருகே ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்.

என் மனைவியின் தோளருகே தோட்டத்துப் பெண் ஒருவர் நின்று வந்தார். பிள்ளையை மடியில் வாங்கி அவருக்கு இடம் கொடுத்தோம். "எங்க தாத்தா ஊரு திருச்சிப் பக்கமுங்க" என்றார். கடலுக்குப் போகிறோம் என்றதும், "நான் கடலைப் பார்த்ததே இல்லீங்கம்மா" என்றார். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது கடல்! கொழுந்து பறிக்கும் நாளை விட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தன் தோட்டத்து முடக்கில் இறங்கிப் போய்விட்டார்.

அவருடைய முன்னோர் யார் தெரியுமா? ஆங்கிலேயர் காலத்தில் நம் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மலைக்கு நடந்தவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் ஏராளம். முதலில் காப்பி, பிறகு தேயிலை என்று அவர்கள் உழைப்பில் மலைகள் பொன் விளைந்தன. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியோருக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். லயத்து அறைகளில் இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

மலையை விட்டு இறங்க இறங்கக் காற்று சுடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்கு வறண்டு வருகிறது. அந்த வறட்சிதான் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. அதே காற்று கீழே சமவெளியில் கச்சான் காற்றாக வீசி உடம்பை வாட்டுகிறது.

மொனராகலையில் வேறு பஸ். அங்கே லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பெண்கள் தொழ அருகிலிருந்த வீட்டார் இடமும் தண்ணீரும் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! பிறகு யானைகள் உலவும் லாகுகல காடு. அதைக் கடந்தால் பொத்துவில். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். எங்கும் தமிழ்ப் பேச்சு, பாங்கோசை. உடம்பு வலி பாதி அங்கேயே தீர்ந்தது.

மீதி தீர்ந்தது அறுகம்குடாவில். பிறை போல் வளைந்த மணற்கரை, இழுத்து வைத்த தோணிகள், உப்புக் காற்று. என் மனைவி கால் நனைய வெகுநேரம் நின்றார். "அந்தப் பெண்ணையும் கூட்டி வந்திருக்கலாமே" என்றார். எனக்கும் அதே நினைப்புதான். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடலே பொங்கி வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. உடைந்த பாலத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அலையேறி விளையாடும் வெளிநாட்டார் கூட்டம் மிகுதி. ஆகவே நம் பெண்கள் அதிகாலையில் தோணிகள் இருக்கும் பக்கமாகச் செல்வது நல்லது. பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். திரும்பும் பஸ்ஸில் தோட்டத்துப் பெண் யாரேனும் நின்றால், சற்று ஒதுங்கி இடம் கொடுங்கள். நாள் முழுதும் மலைச்சரிவில் நின்ற கால்கள் அவை.