நான் மேடையில் விற்ற லிங்கன்

ஆசிரியர் தின விழாக்களில் பேசுகிறவன் நான். ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் தலைமையாசிரியருக்கு எழுதியதாக ஒரு கடிதம் நம் ஊரில் உலவுகிறதே, அதை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தே நிறையப் பொன்னாடைகள் வாங்கியிருக்கிறேன். அது லிங்கன் எழுதியதல்ல. அவருடைய கடிதங்களும் உரைகளும் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. அவற்றில் அது இல்லை. இது தெரிந்த பிறகும் ஒப்பித்தேன். மனசாட்சி உறுத்தியபோது, ‘எழுதினார்’ என்பதை ‘எழுதினார் என்பார்கள்’ என்று மாற்றிக்கொண்டேன். கூட்டம் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

கடிதமாவது யாரோ கட்டிய கதை. 1862ஆம் ஆண்டை வெட்டிச் சுருக்கியது நானேதான். என் பேச்சில் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலேயே லிங்கனின் மகன் வில்லி இறந்துபோவான். அந்தத் துயரத்தோடு அப்பா நேராக 1863 ஜனவரி 1க்குப் போய் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுவார். இடையில் மினசோட்டா என்ற மாநிலமே இருக்காது.

மினசோட்டாவில் டகோட்டா பழங்குடியினர் நிலத்தை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்தில் முடங்கிக் கிடந்தார்கள். 1862இல் அரசு தரவேண்டிய ஆண்டுத் தொகை உரிய நேரத்தில் வரவில்லை. வியாபாரிகள் கடனும் தரவில்லை. பசி. ஆகஸ்டில் சண்டை வெடித்தது, குடியேறிய வெள்ளையர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிறகு ராணுவ விசாரணைக் குழு 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. வக்கீல் கிடையாது, சில வழக்குகள் ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. லிங்கன் ஆவணங்களை வாஷிங்டனுக்கு வரவழைத்தார். போரில் சண்டையிட்டவர்களையும், பொதுமக்களைக் கொன்றவர்கள், பெண்களைக் கெடுத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். மிஞ்சிய 39 பெயர்களைத் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். ஒருவர் கடைசியில் தப்பினார். டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ ஊரில் 38 பேரை ஒரே மேடையில், ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் அத்தனை பேரைத் தூக்கிலிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்கு ஆறாம் நாள்தான் அந்தப் பிரகடனம்.

லிங்கனின் பெயரைக் காப்பாற்ற இதை மறைத்தேன் என்றால் அதுவும் பொய். அந்த 303 பேரில் பெரும்பாலோரைத் தூக்குக்கு அனுப்பாமல் தடுத்தவர் என்று சொன்னாலும் உண்மை. நேர்மையில்லாத விசாரணையை வைத்து 38 பேரைத் தூக்குக்கு அனுப்பியவர் என்றாலும் உண்மை. தூக்கிலிட்டது போதாது என்று மினசோட்டா வெள்ளையர்கள் அவர்மேல் கோபப்பட்டதும் நடந்ததுதான். இந்தச் சிக்கலைக் கைதட்டல் வருகிற மாதிரிச் சொல்ல எனக்குத் திறமை இல்லை. திறமைக் குறைவை ஒப்புக்கொள்வதைவிடப் பொய் சுலபமாக இருந்தது.

இதையெல்லாம்விடக் கேவலமாக ஒன்று செய்தேன். ஒரு பள்ளியில் பேசி முடித்து இறங்கியபோது பிளஸ் டூ மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: “சார், லிங்கன் பொறந்த கென்டக்கியில இருந்த அடிமைகளுக்கும் அன்னைக்கே விடுதலையா?”

“ஆமாம்மா, எல்லாருக்கும்தான்” என்றேன்.

இல்லை. பிரகடனம் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய்க் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான். கென்டக்கி பிரிந்துபோகவில்லை, அதனால் அங்கே அடிமைமுறை சட்டப்படியே தொடர்ந்தது. லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டு எட்டு மாதம் கழித்து, 1865 டிசம்பரில் 13ஆவது சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அங்கே முடிந்தது. அந்தப் பெண் எங்கோ படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கும் விடை தெரியும். விளக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் தாளாளர் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.