ஏரிக்கரையில் இல்லாத மலை

கொடைக்கானல் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரையண்ட் பூங்கா இருபது ஏக்கர் சொச்சம்தான். வனத்துறை அதிகாரி பிரையண்ட் 1908இல் அமைத்தது; அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்திலிருக்கும் ஏரியும் தானாக உண்டானதல்ல. சதுப்பில் ஓடிய ஓடையை மறித்து 1863இல் அதைத் தேக்கியவர் மதுரைக் கலெக்டர் லெவிஞ். பூங்காவுக்குள் 1857இல் நட்டதாகச் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கு சரியென்றால் ஏரியைவிட அது ஆறு வயது மூத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளிதான் இங்கே வீட்டுக்குப் பெரியவர்.

வெளியூர்ச் செடிகள் இருப்பது என் குறையல்ல. ஏரிக்குத் தண்ணீர் தரும் மலை எப்படிப்பட்டது என்பதை அதன் கரையிலுள்ள பூங்காவே முன்னிறுத்தவில்லை என்பதுதான் குறை. மே மாத மலர்க்காட்சியில் முன்வரிசை ரோஜாவுக்கும் டேலியாவுக்கும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் உச்சிப் பரப்போ ஆதியில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. பாசி படர்ந்த குட்டை மரங்கள், அடியில் கால் புதையும் இலைமட்கு, வெளியே அடர்ந்த புல்வேர். மழையையும் மூடுபனியையும் வாங்கி வைத்து, வானம் வெளுத்த பிறகும் ஓடையில் கசியவிடுவது இவையெல்லாம் சேர்ந்துதான். புல்வெளியை வெற்று நிலமாக எண்ணி வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிடத் தேவைப்பட்டது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. விவசாயத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பைன் வரிசைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிற பயணிக்கு அதுவே அசல் காடு. வேறொன்றை அவர் எங்கே பார்த்தார்?

மலையேறி வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்து ஆண்டுதோறும் மலர்க்காட்சி நடத்த முடியுமா என்று கேட்கலாம். நியாயம்தான்; 2018இல் பூத்த குறிஞ்சிக்கு அடுத்த முறை 2030. ஆனால் குறிஞ்சியோடு மலை முடிந்துவிடவில்லை. செக்கச்செவேலென்று கொத்தாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான், பாறைக் கசிவில் வளரும் காட்டுக் காசித்தும்பை, ஆர்க்கிட் வகைகள் எல்லாம் இந்த மலையின் சொத்து. செண்பகனூர் இயேசு சபையினர் ஆர்க்கிட்களைச் சேர்த்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். சோலை மரம் தோட்டத்தில் பிழைக்காது என்பாருக்கு வட்டக்கானல் நாற்றங்கால் பதில் சொல்லும். அங்கே சோலை மரக் கன்றுகளை வளர்த்தே எடுத்தார்கள். இன்னொரு ஆட்சேபம்தான் கனமானது: உருளைக்கிழங்கும் கேரட்டும் வெளியிலிருந்து வந்தவைதானே, அசலைத் தேடிப் போனால் எங்கே நிறுத்துவது? எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. அந்த யூகலிப்டஸ்கூட நிற்கட்டும். நட்டதாகச் சொல்லும் ஆண்டோடு, அதன் இனம் மேலே புல்வெளியில் என்ன செய்தது என்பதையும் ஒரு பலகையில் எழுதினால் போதும். ரோஜாப் பாத்திகளில் இரண்டைக் குறைத்தால் பக்கத்திலேயே புல்லுக்கும் சோலைக்கும் இடம் கிடைக்கும். சோலை மரம் மெதுவாகத்தான் வளரும், அடுத்த மலர்க்காட்சிக்குள் காட்ட ஒன்றும் இருக்காது. தோட்டக்கலைத் துறைக்கு இதில்தான் தயக்கம் வரும்.