நடுக்கடலில் ஓர் எடைக்கல்

சமையலறைக் கடிகாரமும் கூடத்துக் கடிகாரமும் ஒத்துப் போகிற வீடு உண்டோ? எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருந்தாலும் குடும்பம் நடக்கிறது. ஆனால் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால், தூரக் கணக்கில் ஓர் அடி பிசகிவிடும்!

காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் நல்ல மீன் கிடைத்த இடத்தை இந்தக் கருவியில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்களைச் சம்பந்தியிடம்கூடச் சொல்ல மாட்டார்களாம்.

“எங்க மாமனாரு காலத்துல கோயில் கோபுரத்தையும் மாதா கோயிலையும் பாத்துத்தான் எடம் கண்டுபுடிப்பாங்க, கண்ணு” என்றாள் மீன் விற்கும் ஓர் ஆயா. அவள் மகன் கடலுக்குப் போய் எட்டு நாளாகிறது. “இப்ப எங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலியே!”

நியாயமான கேள்வி.

செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு வழியில் ஒரு தொல்லை உண்டு. உயர வானில் மின்னேற்றம் பெற்ற காற்றுமண்டலம் அதைத் தாமதப்படுத்தும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், அஸ்தமனத்துக்குப் பிறகு இங்கே இந்தச் சேட்டை அதிகம். 1963-ல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டு ஆராயத் தொடங்கியதும் இந்த வானத்தைத்தான்.

தராசின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறோம்? எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்க்கிறோம். அதே யுக்திதான். இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையத்தில் ஒரு கருவியை வைத்தால், பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் காசிமேட்டுத் தராசின் பிழை கல்கத்தாத் தராசுக்குப் பொருந்துமா? தூரம் கூடக் கூட வானமே வேறு. ஆகவே இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் அமைத்த ‘ககன்’ ஏற்பாட்டில் ஜம்முவிலிருந்து போர்ட் பிளேர் வரை 15 நிலையங்கள். அவை கண்ட பிழைகளைப் பெங்களூரில் தொகுத்து, வேறு செயற்கைக்கோள்கள் வழியே திருத்தமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். விமானம் இறங்குவதற்காக ஏற்பட்டது இது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் கைப்பேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ வீடுகளில் ஆண்கள் திரும்பவேயில்லை. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற சிறு கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகவே புயல் செய்தியும் படகுக்குப் போகும். பதில்தான் வராது. படகிலிருந்தும் கரைக்குச் சேதி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டரை லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

இதையெல்லாம் ஆயாவுக்கு என்னால் இயன்ற மட்டும் விளக்கினேன். சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“சாப்ட்டியான்னு கேக்கலாமா அதுல?” என்றாள்.