கரைதட்டிய மாலுமி



சில வாரங்களுக்கு முன்பு ஓர் அடக்க ஆராதனையில், மரித்தவரின் பெயருக்குப் பதிலாக, பெட்டியின் அருகே நின்றிருந்த அவருடைய தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டேன். பல ஆண்டுகள் ஊழியம் செய்தவனுக்கு இப்படியொரு தவறா என்று கூனிக் குறுகினேன். ஆனால் அதைவிடப் பெரிய தவறை அதன் பின்னரே செய்தேன். ஆறுதல் சொல்லச் செல்லவேண்டிய அந்த வீட்டிற்கு, வெட்கத்தினால் போகாதிருந்தேன்.

அந்நாட்களில்தான் ஜோசுவா ஸ்லோகம் என்னும் மாலுமியின் பயண வரலாற்றை வாசித்தேன். பெரிய பாய்மரக் கப்பல்களின் தலைவராயிருந்தவர் அவர். வயல்வெளியில் கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் பழைய படகைத் தம் கைகளாலேயே புதுப்பித்து, 1895 ஏப்ரல் 24 அன்று, தமது 51ஆம் வயதில், பாஸ்டன் நகரிலிருந்து தன்னந்தனியாக உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் உருகுவே நாட்டின் கரையோரமாகச் செல்லுகையில், நிலவொளியில் தெரிந்த மணற்குன்றுகள் அவர் கண்களை ஏமாற்றின. படகு கரைதட்டி நின்றது. அதை மீட்பதற்காக நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றிச் சென்றார், தோணியும் கவிழ்ந்தது. உலகத்தைச் சுற்றப் புறப்பட்ட அந்த மாலுமிக்கோ நீந்தத் தெரியாது! எப்படியோ தோணியைப் பற்றிக்கொண்டு கரைசேர்ந்து, மணலில் சோர்ந்து கிடந்தார். அப்போது குதிரைமேல் வந்த ஒரு சிறுவன், உரிமையாளர் இல்லாத படகு கிடைத்ததென்று மகிழ்ந்து, அதைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல முயன்றான்.

எத்தனை பெரிய அவமானம்! ஆயினும் அங்கிருந்த சிலருடைய உதவியை ஏற்றுக்கொண்டு படகை மிதக்கச் செய்தார். பாயை மறுபடியும் விரித்தார். ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் மாதம் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. 1900இல் வெளியான தமது நூலில், கரைதட்டிய கதையை மறைக்காமல் நகைச்சுவையோடு அவரே எழுதிவைத்தார். அறுபது வயதைக் கடந்த பின்பும் அதே படகில் கடலுக்குச் சென்றார்.

இதை வாசித்தபோது பேதுருவை நினைத்தேன். தம் ஆண்டவரை மூன்றுமுறை மறுதலித்தவர் அவர். வெட்கத்தினால் படகின் மூலையில் ஒளிந்திருக்கலாம். ஆனால் கரையில் நிற்பவர் கர்த்தர் என்று அறிந்தவுடன் கடலிலே குதித்தார். கர்த்தரும் அவருடைய தவறுக்குக் கணக்குக் கேட்கவில்லை. அன்பு உண்டா என்றே மூன்றுமுறை கேட்டார். பின்பு ஆடுகளை அவரிடத்தில் ஒப்புவித்தார்.

மறுநாளே அந்த வீட்டிற்குச் சென்றேன். நான் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா சொன்னார்கள்: "பெயர் மாறினால் என்ன ஐயா, அவரைக் கர்த்தருக்குத் தெரியாதா? நீங்கள் வராததுதான் எங்களுக்கு வருத்தம்."

அன்பானவர்களே, ஒரு பாட்டில் சுருதி தவறியதற்காகப் பாடகர் குழுவை விட்டவர் உங்களில் இருக்கலாம். ஓய்வுநாள் பாடசாலையில் ஒருமுறை தடுமாறியதால் பிள்ளைகளிடம் திரும்பாதவரும் இருக்கலாம். நம்முடைய தவறை நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்காகக் காத்திருக்கிறவர்களோ நம்மையே தேடுகிறார்கள். இந்த வாரம் திரும்பிச் செல்வோமா?

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, வெட்கத்தினால் கரையில் தங்கிவிட்ட எங்களை, உம்மேலுள்ள அன்பினால் மறுபடியும் எழும்பச் செய்யும். ஆமென்.