அரை நிமிடம் பிந்திய சிரிப்பு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். அது பிறக்கும் களங்கள் நான்கு என்பது அவர் கொள்கை. இளமையும் பேதைமையும் மடனும் எள்ளலுமே அவை. இவற்றுள் எள்ளல் ஒழிந்த மூன்றும் சிறுவர்க்கு இயல்பாகவே உரியன. எள்ளலோ பெரும்பாலும் வளர்ந்தோர் சிறுவரிடத்துக் காட்டுவது. ஆகவே சிறுவரைப் பொருளாகக் கொண்ட நல்லதொரு நகைச்சுவைக் கதையில் இந்நான்கும் ஒருங்கே அமைதல் வியப்பன்று. ஆயினும் அத்தகைய கதைகள் நம்மிடையே மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றைப் பற்றியும், அதனைக் காணுந்தோறும் என்னுள் எழும் ஒரு பழைய நாணத்தைப் பற்றியும் ஈண்டு எழுத விழைகின்றேன்.

ஆர். கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்’ என்னும் ஆங்கில நாவல் 1935இல் இலண்டனில் வெளிவந்தது. பதிப்பாளர் பலரால் திருப்பி அனுப்பப்பட்ட கையெழுத்துப் பிரதியைக் கிரகாம் கிறீன் படித்து வியந்து, அது அச்சேற வழிசெய்தார் என்பது இலக்கிய மாணவர் அறிந்த செய்தி. அரை நூற்றாண்டின் பின், 1986-87 காலப்பகுதியில், அந்நாவலும் நாராயணின் சிறுகதைகள் பலவும் ‘மால்குடி டேய்ஸ்’ என்ற பெயரில் தூரதர்சனின் தொலைக்காட்சித் தொடராயின. இயக்கியவர் கன்னட நடிகரும் நாடகக்காரருமான சங்கர் நாக். கருநாடகத்தின் மேற்குமலைச் சாரலிலே, பெருமழைக்குப் பேர்போன ஆகும்பே என்னும் சிற்றூர் மால்குடியாக மாறியது. சிறுவன் மஞ்சுநாத் சுவாமியாக நடித்தான். தந்தையாகக் கிரீஷ் கர்னாட் தோன்றினார். இசை எல். வைத்தியநாதனுடையது. தொடக்கத்தில் வரும் கோட்டோவியங்களை வரைந்தவர் நாராயணின் தம்பியாகிய ஆர். கே. இலட்சுமணன்.

இத்தொடரின் மொழி வரலாறு விசித்திரமானது. சென்னையிற் பிறந்த ஒரு தமிழர், தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். கன்னடக் கலைஞர்கள் அதனை இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக நடித்தனர். பாட்டியின் மடியிற் படுத்துக் கதை கேட்கும் அச்சிறுவன் உண்மையில் எந்த மொழியில் ‘பாட்டி’ என்று அழைத்திருப்பான் என்பது நமக்குத் தெரியும். எனினும் அவனை நாம் முதன்முதலிற் சந்தித்தது வேற்றுமொழியின் வாயிலாகவே.

நான் அவனைக் கண்டது 1988இல், திருகோணமலைத் துறைமுகத்தையடுத்த எங்கள் வீட்டில். சென்னையிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் இரண்டு வீடியோ கசற்றுகளைக் கொண்டுவந்திருந்தார். வாடகைக்கு எடுத்த டெக் ஒன்றில், ஆங்கிலத்தில் அமைந்த பகுதிகளைக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்த்தோம். எனக்கு அப்போது வயது பதினான்கு. உரையாடலின் பாதி எனக்கு விளங்கவில்லை. என் தந்தையார் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், ஆங்கிலம் அறிந்தவர். அவர் முதலிற் சிரிப்பார். பின்னர் எங்களுக்கு விளக்குவார். அதன்பின் நாங்கள் சிரிப்போம். அரை நிமிடம் பிந்திய அச்சிரிப்பு எனக்குப் புதியதன்று. அதை நான் முன்பே வேறொரு வீட்டிற் பழகியிருந்தேன்.

அந்த வீடு எங்கள் ஒழுங்கையின் முகப்பில் இருந்தது. அதிற் குடியிருந்தவர் பொலிஸ் திணைக்களத்திற் பணிபுரிந்த ஒரு சிங்களவர். அவர் மகனும் நானும் ஒரே வயதினர். அவன் தமிழ்ப் பாடசாலையிற் படிக்கவில்லை. ஆயினும் ஒழுங்கையில் விளையாடியே தமிழைக் கற்றுக்கொண்டான். எங்களைப் போலவே ‘டேய் மச்சான்’ என்று கூப்பிடுவான். ஒழுங்கையில் அவர்கள் வீட்டில் மாத்திரமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், மாலைவேளைகளிற் சிறுவர் சித்திரப் படங்களைக் காண நான் அங்கே செல்வதுண்டு. பிறநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களத்திற்கு மாற்றி, அவை சிங்கள மண்ணிலேயே பிறந்தவை எனத் தோன்றுமாறு செய்தவர் டைட்டஸ் தொட்டவத்த. அமெரிக்க முயலொன்று அவர் கைபட்டதும் சிங்களக் குறும்பனாகிப் பேசிற்று. அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். பிறகு என் பக்கம் திரும்பி, அந்த முயல் சொன்னதைத் தமிழிற் சொல்வான். நான் அரை நிமிடம் பிந்திச் சிரிப்பேன். நான் சிரிக்கும்போது அவன் இரண்டாம் முறையும் சிரிப்பான்.

இப்போது சுவாமியின் கதைக்கு மீள்வோம். அவனுடைய நகைப்பின் நயம் யாது? தந்தை அவனுக்கொரு கணக்குக் கொடுக்கிறார். இராமனிடம் பத்து மாம்பழங்கள் உள்ளன. அவற்றை விற்றுப் பதினைந்து அணா பெற அவன் விரும்புகிறான். கிருஷ்ணனுக்கு நான்கு பழங்களே வேண்டும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? விடை ஆறு அணா என்பதை நாம் எளிதிற் காண்போம். சுவாமிக்கோ அப்பழங்கள் பழுத்தவையா காயா என்பது தெரிந்தாக வேண்டும். தந்தைக்கு இது பேதைமை. ஆனால் மாம்பழத்தை மாம்பழமாகவே காணும் மனத்துக்கு அக்கேள்வி முறையானதே. சிறுவனின் பேதைமையைக் காட்டும் அதே இடத்தில் வளர்ந்தோரின் வறண்ட அறிவையும் காட்டிவிடுகிறார் நாராயண். எள்ளல் இருபுறமும் கூராகிறது.

மடன் என்பதற்கும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கேட்டதை ஆராயாமல் மெய்யெனக் கொள்ளுதலை மடன் எனக் கொள்ளலாம். நாவலில் 1930ஆம் ஆண்டு ஆகத்து மாதம் சுதேசிக் கூட்டமொன்று நிகழ்கிறது. அந்நியத் துணிகள் எரிகின்றன. சுவாமியின் தொப்பி அந்நியத் துணியாலானது என்று எவனோ சொல்ல, அவன் அதனைக் கழற்றித் தீயில் எறிகிறான். அது கதர்த் துணியில் தைத்ததென்று பின்னர் தந்தை சொல்லித்தான் தெரிகிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் மறுநாள் நிகழ்வது சிரிப்புக்குரியதன்று. மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரிக்கின்றனர். சுவாமி தலைமையாசிரியர் அறையின் கண்ணாடிகளை உடைக்கிறான். பொலிசார் தடியடி நடத்துகின்றனர். அதற்குக் கட்டளையிட்ட அதிகாரி வேறெவருமல்லர். சுவாமியின் உயிர்த்தோழன் இராஜத்தின் தந்தையே அவர்.

மால்குடியை வரலாறு தீண்டாத வெகுளியுலகு என்று கருதுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அங்கும் அரசின் தடி உண்டு. அந்தத் தடியை ஏந்துபவரின் மகனோடு நட்புக்கொள்வதா என்ற கேள்வியும் உண்டு. நாராயண் அதற்குச் சொற்பெருக்கால் விடை கூறவில்லை. கிரிக்கெட் குழுவொன்றை அமைக்கும் ஆசை அவ்விரு சிறுவரையும் மீண்டும் இணைத்துவிடுகிறது.

எங்கள் ஒழுங்கையில் அது இணைக்கவில்லை. 1983இன் பின் பெரியவர்களின் பேச்சுத் தாழ்ந்தது. 1985இல் எங்கள் மாவட்டத்தில் வன்செயல்கள் மூண்டு, கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறி வந்தனர். உறவினர் சிலர் எங்கள் வீட்டில் வந்து தங்கினர். அந்நாட்களில் ஒருநாள், விளையாட்டில் அவன் ஆட்டமிழந்தானா இல்லையா என்ற சச்சரவு எழுந்தது. நான் அவனை ‘பொலிஸ்காரன்ரை மகன்’ என்றேன். அவன் தந்தை பொலிஸ்காரர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்தச் சொல்லை நான் எப்பொருளிற் சொன்னேன் என்பதும் அங்கு நின்ற எல்லாருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதன்பின் நாங்கள் பேசவில்லை.

சில வாரங்களில் அவன் தந்தைக்கு இடமாற்றம் வந்தது. தளபாடங்களை ஏற்றிய லொறி புறப்படுமுன் எங்கள் படலையடியிற் சில நிமிடம் நின்றது. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். “டேய், நாங்கள் போறம்” என்றான். நான் கிணற்றடியில் நின்றேன், வெளியே வரவில்லை. அம்மா உள்ளிருந்து, “போய்ச் சொல்லிப்போட்டு வாவன் தம்பி” என்றார். நான் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன். நீர் தேவைப்பட்டதால் அன்று. லொறியின் ஓசை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

மூன்றாண்டுகளின் பின் அந்தக் கசற்றின் முன் அமர்ந்திருந்த எனக்கு, சுவாமியின் முடிவு எவ்வாறிருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். புதிய பாடசாலையின் தலைமையாசிரியர் பிரம்பை ஓங்க, அதைப் பறித்தெறிந்துவிட்டு ஓடுகிறான் சுவாமி. காட்டுவழியில் இராப்பொழுதில் அஞ்சி மயங்குகிறான். வண்டிக்காரன் ஒருவன் அவனைக் காண்கிறான். வன அதிகாரி ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். ஆனால் அவனை நம்பியிருந்த ஆட்டம் முடிந்துவிட்டது. இராஜம் அவனோடு பேசுவதில்லை. பின்னர் இராஜத்தின் தந்தைக்கு மாற்றம் வருகிறது. விடியற்காலையிற் புகையிரத நிலையத்துக்கு ஓடும் சுவாமி, ஆண்டர்சனின் தேவதைக் கதை நூலொன்றை நண்பனிடம் சேர்ப்பிக்கிறான். வண்டி நகர்கிறது. இராஜம் மன்னித்தானா என்பதைக் கதை உறுதியாகச் சொல்வதில்லை.

வீட்டார் எல்லாரும் அக்காட்சியில் அமைதியாயினர். நான் எழுந்து கிணற்றடிக்குச் சென்றேன்.

சிறுவர் நகைச்சுவைக்கு இன்றியமையாத நிபந்தனை ஒன்று உண்டென்பதை அன்றே மங்கலாக உணர்ந்தேன். இன்று தெளிவாகக் காண்கிறேன். ஓடிப்போன சிறுவன் திரும்பி வரவேண்டும். அவன் திரும்புவான் என்ற உறுதியிருந்தால்தான் அவன் ஓட்டத்தைப் பார்த்து நாம் நகைக்கலாம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’விலும் வீட்டை விட்டுச் செல்லும் சிறுவர் தீவொன்றிற் புதுவாழ்வு அமைக்கின்றனர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் அதனைத் திரைப்படமாக்கினார். அந்த உறுதி எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. வீட்டை விட்டுப் போன எத்தனையோ பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் மீளவேயில்லை. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் திகதி மாலை, எங்கள் கடற்கரையிற் கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் ஓடிப்போனவர்கள் கூட அல்லர், பொழுதுபோக்கச் சென்றவர்கள். அதே ஆண்டிலேதான் மால்குடித் தொடரின் புதிய பகுதிகள் இந்தியத் தொலைக்காட்சியில் வந்தன என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, இரு செய்திகளையும் ஒரே மனத்தில் வைத்திருப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

ஆயினும் சிரிப்பை நாம் கைவிடுதல் தகாது என்பதே என் துணிபு. சிங்களப் பிள்ளைகளுக்கு ஒரு தொட்டவத்த வாய்த்தார். நம் பிள்ளைகளுக்கோ பிறர் மொழியின் நகைப்பை அரை நிமிடம் பிந்திப் பெறுவதே நெடுங்காலமாக வழக்கமாயிற்று. கோட்டை வாயிலில் மான்கள் மேய்வதும், சுவாமி மலையிற் கோணேசர் மணி ஒலிப்பதும், துறைமுகத்திற் கப்பல் ஊதுவதும் கேட்டு வளரும் ஒரு சிறுவனின் குறும்புகளை, அவன் மொழியிலேயே எவரேனும் எழுதுவாராயின், அதைப் பின்னர் எவரேனும் படமாக்குவாராயின், அது சிறிய பணியன்று. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இதனைத் தமக்குரிய பணியெனக் கொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது, தங்கையின் மகனுக்கு அத்தொடரைக் கைத்தொலைபேசியிற் காட்டினேன். அவனுக்கு வயது பத்து. நான் முதலிற் கேட்டேன், தமிழிற் சொன்னேன், அவன் அரை நிமிடம் பிந்திச் சிரித்தான். அப்போது நானும் இரண்டாம் முறை சிரித்தேன். அந்த இரண்டாம் சிரிப்பு எத்தகையது என்பதை நாற்பது ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். தான் சிரித்தது போதாதென்று என் சிரிப்புக்காகவும் காத்திருந்தவன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான்.

புகையிரத நிலையக் காட்சி முடிந்ததும் மருமகன் கேட்டான்: “மாமா, ராஜத்துக்குக் கோபம் போயிட்டுதா?”

“தெரியாது ராசா” என்றேன். “ஆனால் சுவாமி ஸ்டேசனுக்குப் போனவன்.”